‘மேடத்திடம் கேட்டுக்கொள்ளலாம்’

2023 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் வங்கியிலிருந்து ஒரு காசோலை திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது. தேதி சரி, தொகையும் சரி. ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று குறித்த சீட்டு ஒன்றைக் குத்தி அனுப்பியிருந்தார்கள். அலுவலகக் கண்காணிப்பாளர் அதை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

சுற்றறிக்கைக் கோப்பிலிருந்து ஜூன் மாதத் தாள் ஒன்றை எடுத்துக் காசோலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கல்லூரி முதல்வரின் கையெழுத்தில் முதல் எழுத்து கொக்கிபோல் மேலே எழும்பும். முடிவில் ஒரே இழுப்பில் ஒரு நீண்ட கோடு. காசோலையில் கொக்கி சரிந்து கிடந்தது. கோடு பாதி வழியிலேயே நடுங்கிக் கீழே இறங்கியிருந்தது. அன்றே நான் அவரிடம் போய், “மேடம், வீட்டுக்குப் போய்ப் படுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதிய காசோலை ஒன்றை எழுதச் சொல்லி, அதையும் கையெழுத்துக்கு அவர் மேசைக்கே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மாலை ஏழரை மணி. கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தவர், எழுந்திருக்க முயன்று, முடியாமல், மேசை விளிம்பைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அலுவலக உதவியாளர் அண்ணாச்சி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டார். மருத்துவமனையில் இரத்த அழுத்தம் 190/110 இருந்தது. பக்கவாதம் இல்லை, இதயத்திலும் கோளாறு இல்லை. ஆனால் உடம்பு இனித் தாங்காது என்று மருத்துவர் சொன்னார். மூன்று மாதம் முழு ஓய்வு, அதன் பிறகு பார்க்கலாம், கைபேசி கூடாது. வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார்: “இவர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்?”

அந்தக் கேள்வியை நான் அதுவரை எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. எங்களுடையது தாமிரபரணிக் கரையோரம் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரி. காலையில் உதவி பெறும் பிரிவு, பிற்பகலில் சுயநிதிப் பிரிவு. இரண்டுக்கும் ஒரே முதல்வர். காலை எட்டு மணிக்கு வருவார், இரவு ஒன்பதுக்குக் கிளம்புவார். ஆறு நாளுக்கு 78 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும் கோப்புகள் இதில் சேரவில்லை. பிறகு ஒருநாள் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல். இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடுதல். 55 மணி நேரத்தை எங்கள் மேடம் ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை காலையிலேயே தாண்டிக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்கு அவர் எளிதில் சம்மதிக்கவில்லை. “நாக் தரச்சான்று அறிக்கை பாதியில் கிடக்கிறது. நவம்பரில் தேர்வு. இந்த நேரத்தில் எப்படி சார்?” என்று படுக்கையில் இருந்தபடியே கேட்டார். எங்கள் வரலாற்றுத் துறைத் தலைவர் அருகில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் அடிமைத்தளையில் பிறந்து, 1881-இல் டஸ்கீகி கல்வி நிலையத்தின் தலைமையை ஏற்று அதை ஒன்றுமில்லாமையிலிருந்து எழுப்பிய புக்கர் டி. வாஷிங்டனைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினார். 1899-இல் வாஷிங்டன் ஓயாத உழைப்பால் தளர்ந்துபோயிருந்ததைப் பாஸ்டன் நகர நண்பர்கள் கவனித்தார்கள். அவர்களே பணம் திரட்டி, அவரையும் மனைவியையும் ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அவரும் முதலில் தயங்கியவர்தான். பள்ளிக்கான நிதி முழுவதும் தன் ஓட்டத்தில்தான் வருகிறது என்று நினைத்தவர். கப்பல் ஏறிய பிறகு அவர் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் தூங்கினாராம்.

மேடம் இதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “அவர் இல்லாதபோது பள்ளி நடந்ததா?”

“நடந்தது மேடம். எந்த ஒருவர் இல்லாவிட்டாலும் அன்றாட வேலை நிற்காதபடி அவர் முன்பே அமைத்து வைத்திருந்தார். எங்கே இருந்தாலும் பள்ளியின் தினசரி அறிக்கை அவரைத் தேடிப் போகும்.”

“நான் அப்படி அமைத்து வைக்கவில்லையே” என்றார் மேடம்.

அந்த வார்த்தை என்னை வெகுநாள் விடவில்லை. அவர் மட்டுமா அமைக்கவில்லை? நாங்கள் அமைக்க விட்டோமா?

செப்டம்பர் முதல் வாரத்தில் அவர் குற்றாலத்தில் உள்ள தம் அக்கா வீட்டுக்குப் போனார். துணை முதல்வரான எனக்கு முழுக் கூடுதல் பொறுப்பு அளித்துக் கல்லூரி நிர்வாகச் செயலர் ஆணை தந்தார். மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. வங்கியில் என் மாதிரிக் கையொப்பம் பதிவாயிற்று. அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை பத்தரை மணிக்கு உதவித்தொகை இணையதளத்தைத் திறந்தோம். கடவுச்சொல் போட்டதும் ஆறு இலக்க ஓ.டி.பி. கேட்டது. அது குற்றாலத்தில், மேடத்தின் கைபேசிக்குப் போயிற்று.

உதவித்தொகைத் தளம், பல்கலைக்கழகத் தேர்வுத் தளம், உயர்கல்விக் கணக்கெடுப்புத் தளம், நாக் தளம், கல்லூரியின் மின்னஞ்சல் எல்லாமே அவருடைய சொந்த எண்ணில் கட்டப்பட்டிருந்தன. முதல் வாரத்தில் மட்டும் அவருடைய அக்காவுக்கு நாங்கள் ஒன்பது முறை போன் செய்து எண்களைக் கேட்டோம். ஒன்பதாவது முறை அந்த அம்மா கோபப்படாமல், மெதுவாகத்தான் சொன்னார்: “தம்பி, இப்போதுதான் கண் அசந்தாள். போன் அடித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.”

அன்று மாலையே கல்லூரிப் பெயரில் ஒரு சிம் அட்டை வாங்கினோம். ஒவ்வொரு தளத்துக்கும் விண்ணப்பம் எழுதி, செயலரிடம் கையெழுத்து வாங்கி, எண்ணை மாற்ற ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. அலுவலக அலமாரியில் ஒரு சாதாரண பட்டன் போன். அதற்கு ஒரு பதிவேடு. எந்த நேரம், எந்தத் தளம், யார் கேட்டார் என்று எழுதிவிட்டுத்தான் எண்ணைச் சொல்லலாம். கல்லூரி நடத்துகிறவர்களுக்கு நான் உறுதியாகச் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டென்றால் இதுதான். ஒருவரை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, கல்லூரியின் சாவி முழுவதையும் அவர் தலையணைக்கு அடியில் வைத்திருக்காதீர்கள். அவர் நல்ல உடல்நலத்தோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இரண்டாவதாகச் செய்தது ஒரு நீள நோட்டு வாங்கியது. முதல்வர் அறைக்குள் வருகிற ஒவ்வொருவரையும் ஒரு வாரம் குறித்துவைத்தேன். யார், எதற்காக, இதை வேறு யாராவது முடித்திருக்க முடியுமா என்று மூன்றே கட்டங்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், வேதியியல் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைச் சொல்ல ஒரு பேராசிரியர் வந்தார். எழுதுபொருள் அறையில் ஏ4 தாள் எத்தனை கட்டு எடுக்கலாம் என்று கேட்டு ஒருவர் வந்தார். விடுதி மாணவி காய்ச்சலுக்கு வீட்டுக்குப் போக அனுமதி, நூலகத்தில் தொலைந்த அடையாள அட்டை, கபடி அணிக்கு வேன், இரண்டு துறைகளுக்கு ஒரே கருத்தரங்கக் கூடம். முதல்வர் மட்டுமே முடிவு செய்யவேண்டியவை நாளுக்கு நான்கைந்துக்கு மேல் இல்லை. மற்றவை எல்லாம் ஒரே வாசகத்தோடு வந்தன: “மேடத்திடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தோம்.”

இருபத்து நான்கு ஆண்டு வணிகவியல் ஆசிரியனாக நானும் இந்த வாசகத்தை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதில் மரியாதை இருக்கிறது என்று நினைத்தோம். உண்மையில் இருந்தது பயம். நாளைக்கு ஏதாவது தவறாகிவிட்டால் நம் பெயர் வரக்கூடாது. பச்சை மைக் கையெழுத்து ஒன்று மேலே இருந்துவிட்டால் அதன் நிழலில் நாம் நின்றுகொள்ளலாம். அவர் மறுக்கமாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். எங்கள் எல்லோருடைய தயக்கத்தையும் அவர் ஒருவரே பதின்மூன்று மணி நேரம் சுமந்துகொண்டிருந்தார். அலுவலகத்தில் நிரப்பப்படாத பணியிடங்கள் இருந்ததும் உண்மைதான். எழுத்தர் செய்யவேண்டிய வேலை பலவற்றை அவரே செய்தார். ஆனால் ஆள் பற்றாக்குறையை மட்டும் காட்டி நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது.

இது எனக்கு முழுதாக உறைத்தது நாக் அறிக்கையைத் திறந்தபோதுதான். தெரியாதவர்களுக்கு: பெங்களூரில் இருக்கும் தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழுவுக்கு ஒவ்வொரு கல்லூரியும் தன்னைப் பற்றித் தானே எழுதித் தரும் அறிக்கை அது. அப்போது அதில் ஏழு அளவுகோல்கள்: பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு, மாணவர் நலன், நிர்வாகம், நிறுவனத்தின் விழுமியங்கள். ஆறாவதான நிர்வாகத்தில், அதிகாரம் பகிர்ந்தளிக்கப்பட்டிருக்கிறதா, முடிவுகளில் எல்லோருக்கும் பங்கு உண்டா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் வரைவில் அந்தப் பக்கம் மிக அழகாக இருந்தது. குழுக்களின் பட்டியல், கிளைப் படம், அம்புக்குறிகள். அதை இரவு பதினொரு மணிக்கு எழுதியவர் மேடம். தனியாக. மற்ற ஆறு அளவுகோல்களும் அவர் கணினியில், அவர் கோப்புறையில் இருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் துறைத் தலைவர்கள் கூட்டத்தில் வாசித்தேன். யாரும் பேசவில்லை. தாவரவியல் துறைத் தலைவி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மூன்றாவதை எனக்குக் கொடுங்கள் சார்” என்றார்.

அன்று ஏழையும் ஏழு பேருக்குப் பிரித்தோம். ஒவ்வொருவருக்கும் ஓர் இளைய ஆசிரியர் துணை. அலுவலகச் சுவரில் ஒரே ஒரு தாள் ஒட்டினோம். எது வகுப்பு ஆசிரியரோடு முடியும், எது துறைத் தலைவரோடு, எது கண்காணிப்பாளரோடு, எது மட்டும் முதல்வருக்கு வரும் என்று எழுதி, செயலர் கையெழுத்திட்டார். அந்தக் கையெழுத்து மிக முக்கியம். வாய்மொழியாகக் கொடுத்த அதிகாரத்தை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எழுத்தில் கொடுத்தால் மறுநாளே பயன்படுத்துகிறார்கள். தாளின் கடைசி வரியை உடற்கல்வி இயக்குநர் வற்புறுத்திச் சேர்த்தார்: அவசரம் என்றால் அந்த நேரத்தில் வளாகத்தில் இருப்பவர்களில் மூத்தவர் முடிவு செய்யலாம், பிறகு எழுதித் தரவேண்டும். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. ஒரு துறைத் தலைவர், 75 விழுக்காடு வருகை இல்லாத மாணவர் ஒருவருக்குத் தம் அதிகாரத்தில் சலுகை கொடுத்துவிட்டார். மாணவரின் வீட்டுச் சூழல் உண்மையிலேயே மோசம். அவர் இரங்கியது தவறல்ல. ஆனால் அது பல்கலைக்கழக விதி. துறைக்கோ கல்லூரிக்கோ அதில் கை வைக்க இடமில்லை. திரும்பப் பெறவேண்டி வந்தது. அந்த மாணவர் என் அறையில் நின்று அழுதார். தவறு என்னுடையது. என்ன செய்யலாம் என்று எழுதிய நான், என்ன செய்யக்கூடாது என்று எழுதவில்லை. அன்று மாலை தாளில் இரண்டாவது பகுதி சேர்ந்தது: விதி பல்கலைக்கழகத்துடையது என்றால் யாரும் தளர்த்த முடியாது, பணம் என்றால் இரண்டு கையெழுத்து இல்லாமல் நகராது.

இனி, எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. எங்கள் மாணவிகள் பலருக்கு அது பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும். சிலருக்கு மட்டும் பணம் வராமலே இருந்தது. முந்தைய ஆண்டு மேடமே வங்கி மேலாளர்களுக்குத் தனித்தனியாகப் போன் செய்து சிலருடையதைச் சரிசெய்தார். அவர் இல்லாதபோது இந்த வேலை யாருக்கும் சொந்தமில்லாமல் நின்றது.

அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் ஒருவர் இருந்தார். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து, “சார், இதை நான் பார்க்கட்டுமா? நானும் அரசுப் பள்ளியில் படித்தவள்தான்” என்றார். பார்க்கச் சொன்னேன். அவர் யாருக்கும் போன் செய்யவில்லை. வகுப்பு வகுப்பாகப் போனார். பணம் வராத ஒவ்வொரு மாணவியிடமும் ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ் மூன்றையும் வாங்கிப் பெஞ்சின்மேல் பக்கம் பக்கமாக வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். ஒன்றில் முன்னெழுத்து பெயருக்கு முன்னால் இருந்தது, மற்றொன்றில் பின்னால். ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக, இன்னொன்றில் ஓர் எழுத்து மட்டும். ‘லட்சுமி’ ஓரிடத்தில் ஆங்கிலத்தில் ஓர் ‘எச்’ சேர்ந்தும், ஓரிடத்தில் சேராமலும். வேறு சிலருக்கு வங்கிக் கணக்கு இருந்தது, அதில் ஆதார் இணைக்கப்படவில்லை. மூன்று வகைப் பிழை, மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் எங்கே போகவேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை ஒன்றில் ஆதார் திருத்தும் மையத்துக்கு மாணவிகளை அவரே கூட்டிக்கொண்டு போனார்.

நவம்பரில் ஒரு மாணவி வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியைக் கொண்டுவந்து அவர் மேசையில் காட்டினாள். பணம் வந்திருந்தது. நான் கதவருகில் நின்றிருந்தேன். அந்த இளம்பெண் அந்தக் கைபேசியை இரண்டு கையாலும் வாங்கி, திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேடம் இருந்திருந்தால் சிலருக்குப் பணம் இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம். ஆனால் பிழை எங்கே பிறக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். இப்போது முதலாண்டுச் சேர்க்கையன்றே மூன்று தாள்களையும் ஒப்பிட்டுவிடுகிறோம்.

நல்லதைச் சொல்லும்போது கெட்டதையும் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் நடுவில் நான் இரவு எட்டரை மணி வரை முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கத் தொடங்கியிருந்தேன். எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிட்டு, பிரித்துக் கொடுத்தவை சரியாக நடக்கின்றனவா என்று ஒவ்வொன்றையும் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு சாப்பிடும்போது என் மனைவி, “மேடத்தைக் காப்பாற்றிவிட்டீர்கள், சரி. அந்த நாற்காலியில் அடுத்து நீங்களா?” என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. மறுநாள் அண்ணாச்சியிடம் ஒரு வேலை கொடுத்தேன். மாலை ஐந்தேகாலுக்கு வந்து மின்விசிறியை நிறுத்தவேண்டும், யார் உள்ளே இருந்தாலும் சரி. அவர் அதைக் கடமையாக எடுத்துக்கொண்டார். செயலர் உட்கார்ந்திருந்த ஒரு நாளும் வந்து நிறுத்தினார். முதல்வர் அறைச் சாவி, அரங்கச் சாவி, வகுப்பறைச் சாவிக் கொத்து எல்லாம் அன்றிலிருந்து என் பையில் வீட்டுக்கு வருவதை விட்டு, காவலர் அறையில் பூட்டிய பெட்டிக்குப் போயின.

மேடத்துக்கு என்ன எழுதுவது என்பதில் எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. ஒன்றுமே சொல்லாவிட்டால் அவர் கற்பனையிலேயே நொந்துபோவார். தினமும் சொன்னால் அது ஓய்வல்ல. வரலாற்றுத் துறைத் தலைவர் சொன்ன டஸ்கீகி அறிக்கையை நாங்கள் வாரத்துக்கு ஒன்றாக்கினோம். சனிக்கிழமை ஒரு பக்கம், கையால் எழுதி, தபாலில். அதற்கு ஒரு விதி: கடிதத்தில் கேள்விக்குறி இருக்கக்கூடாது. நடந்து முடிந்ததை மட்டும் எழுதலாம். ‘என்ன செய்யலாம்’ என்று கேட்கக்கூடாது. முதல் கடிதத்தை நான்கு முறை எழுதினேன். ஒவ்வொரு பத்தியும் என்னை அறியாமல் கேள்வியாகவே முடிந்தது. ஐந்தாம் வாரத்திலிருந்துதான் பேனா பழகியது. வருகைச் சலுகைத் தவற்றையும் மறைக்காமல் எழுதினேன். சரிசெய்த பிறகு எழுதினேன்.

மூன்று மாதம் முடிந்தது. மருத்துவர் இன்னும் ஒரு மாதம் நீட்டினார். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையை விட்டு ஏறியது; குளங்கள் உடைந்தன; திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. நான் பாளையங்கோட்டையில் என் வீட்டில் அகப்பட்டுக்கொண்டேன். கல்லூரிக்குப் போகும் சாலை நீரில். மின்சாரம் இல்லை, திங்கட்கிழமை காலையிலிருந்து கைபேசி இணைப்பும் இல்லை. விடுதியில் ஊருக்குப் போகாத மாணவிகள் இருந்தார்கள். முதல்வர் குற்றாலத்தில், பொறுப்பு முதல்வர் மொட்டைமாடியில். கேட்க யாரும் இல்லை. அந்த இரண்டு நாள் நான் பட்ட பாட்டை எழுத வரவில்லை.

புதன்கிழமை டிராக்டரிலும் நடந்துமாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் தண்ணீர் முழங்காலளவுக்கு வடிந்திருந்தது. மாடி வகுப்பறைகள் முழுக்க மனிதர்கள். பக்கத்துத் தெருக்காரர்கள் முந்நூறு பேருக்கு மேல், ஆடுகளோடு சிலர். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. ஞாயிறு இரவு வளாகத்தில் இருந்தவர்களில் மூத்தவர் விடுதிக் காப்பாளர். சுவரில் ஒட்டிய தாளின் கடைசி வரியைக் காவலர்தான் அவருக்கு நினைவூட்டியிருக்கிறார். சாவிப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். முதலில் ஆட்கள், பிறகு நூலகம். கீழ்த்தட்டுகளில் இருந்த பழைய கட்டுப் புத்தகங்களை மாணவிகள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். கீழே தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது கடைசி வரிசை போய்க்கொண்டிருந்ததாம்.

காப்பாளர் என்னைப் பார்த்ததும் ஒரு கோடு போட்ட நோட்டைத்தான் முதலில் நீட்டினார். ஓரம் நனைந்து ஊறியிருந்தது. ‘18-12. விடுதி இருப்பிலிருந்து அரிசி 25 கிலோ மூடை இரண்டு. துவரம்பருப்பு எட்டு கிலோ. பால்பவுடர் ஆறு பாக்கெட், கைக்குழந்தைகளுக்கு மட்டும். மண்ணெண்ணெய் விளக்கு இரண்டு, பௌதிக ஆய்வகம்.’ ஒவ்வொரு வரிக்கும் கீழே அவருடைய கையெழுத்தும் ஒரு மாணவியின் கையெழுத்தும். பணம் என்றால் இரண்டு கையெழுத்து என்று நாங்கள் எழுதியதை அவர் அரிசிக்கும் பொருத்தியிருந்தார். “கேட்காமல் எடுத்துவிட்டேன் சார். பிறகு எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள்” என்றார். மூன்று நாளாகத் தூங்காத முகம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், பேச முடியவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து மேடம் வந்தார். முகத்தில் பழைய தெளிவு. மருத்துவர் நாளுக்கு ஆறு மணி நேரம் மட்டும் அனுமதித்திருந்தார். நாக் அறிக்கையில் ஐந்து அளவுகோல்கள் முடிந்து அவர் மேசையில் இருந்தன, இரண்டு மிச்சம். ஆறாவதைப் புதிதாக எழுதியிருந்தோம். சுவர்த்தாளின் நகலும் காப்பாளரின் நோட்டுப் பக்கமும் அதில் சான்றாக இணைந்திருந்தன. தபால் கட்டு வந்தபோது அவர் அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல ஒரு கணம் வைத்திருந்தார். “இவ்வளவுதானா?” என்று கேட்டார். அந்தக் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது. அதையும் நான் சொல்லியாகவேண்டும். ஓய்விலிருந்து திரும்புகிறவருக்கு அந்த வருத்தம் வரும். அதை அவசரமாக ஆற்றப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அன்று முழுவதும் வேலை எதையும் கொண்டுபோகாமல் வரலாற்றுத் துறைத் தலைவரும் தாவரவியல் துறைத் தலைவியும் நானும் மாறி மாறி அவரோடு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். என் கடிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் துளையிட்டுக் கோத்திருந்தன. ஓரங்களில் பென்சிலால் குறிப்புகள். சில இடங்களில் ‘சரி’. சில இடங்களில் ‘நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்’. எதையும் அவர் எங்களுக்கு அனுப்பவில்லை. வெள்ளத்தின்போது தொலைக்காட்சியில் எங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டு, அக்காவின் கைபேசியை எடுத்து என் எண்ணை விடாமல் அழைத்திருக்கிறார். இணைப்பே கிடைக்கவில்லை. கடைசியில் அக்கா கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, பூஜை அறையில் விளக்கேற்றச் சொல்லியிருக்கிறார்.

கோப்பில் டிசம்பர் 16-ஆம் தேதிக் கடிதத்துக்கும் 30-ஆம் தேதிக் கடிதத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத்தாள் இருந்தது. மேலே ‘23-12-2023, சனிக்கிழமை’ என்று அவர் கையெழுத்தில் தேதி மட்டும். கொக்கி நிமிர்ந்த, நடுங்காத எழுத்து. அந்த வாரம் நான் எழுதவில்லை. நிவாரண வேலையில் நினைவே வரவில்லை.

“இந்த வாரத்துக் கடிதம் எனக்கு வரவில்லை சார். இப்போது எழுதிக் கொடுங்கள்” என்றார்.

தாளை உருவி எடுத்துக்கொண்டு போய்க் காப்பாளரைக் கூப்பிட்டேன். நான் பார்க்காத இரண்டு நாளை அவர்தான் எழுதவேண்டும். அவர் என் எதிரில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, “எங்கிருந்து தொடங்கட்டும் சார்?” என்று கேட்டார். பிறகு என் பதிலுக்குக் காத்திராமல், சாவிப் பெட்டியிலிருந்து எழுதத் தொடங்கினார்.